ஒற்றைப் பின்சக்கரத்தின் கணக்கு

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று அமைந்த நெடுந்தூரப் பயண மோட்டார் சைக்கிள்களில் முதலில் தேய்ந்து தீர்வது பின்டயர்தான். முன்டயர் ஜோடி ஒருமுறை மாறுவதற்குள் பின்டயர் பெரும்பாலும் இரண்டாவது முறையும் மாறியிருக்கும். புதிதாக வாங்கியவர்கள் வண்டியில் ஏதோ பழுது என்று சந்தேகப்படுவதுண்டு. பழுது எதுவும் இல்லை, வண்டியின் அமைப்பே அப்படி. என்ஜின் தரும் இழுவை முழுவதும் ஒரே ஒரு டயரின் வழியாகத் தரைக்குப் போகிறது. காரில் இரண்டு டயர் பங்குபோட்டுக்கொள்ளும் வேலையை இங்கே ஒன்றே செய்கிறது.

இந்த வகையில் மிகவும் அறியப்பட்டது கேன்-ஆம் ஸ்பைடர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிஆர்பி நிறுவனம் 2007-ல் இதை அறிமுகப்படுத்தியது. பனியில் ஓடும் ஸ்கி-டூ வண்டிகளை 1959 முதல் செய்துவந்த பரம்பரை அது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ஒற்றைப் பட்டை, கையில் ஹேண்டில்பார் என்ற பனிவண்டியின் உருவத்தை அப்படியே தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தால் ஸ்பைடர் வந்துவிடும். நீண்ட பயணத்துக்கென்று பெட்டிகளும் அகன்ற இருக்கையும் காற்றுத்தடுப்பும் சேர்த்துச் செய்யப்பட்டது ஆர்டி என்ற வகை. 2014-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அதில் 1,330 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் ரோட்டாக்ஸ் என்ஜின் இருக்கிறது. 115 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எரிபொருளும் ஆளும் சாமானும் ஏறுவதற்கு முன்பே வண்டியின் எடை 450 கிலோவைத் தாண்டும்.

அதன் பின்டயரில் 225/50 ஆர்15 என்று எழுதியிருக்கும். அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 விழுக்காடு, ரேடியல் கட்டமைப்பு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கார் டயருக்கு உரிய அளவுமுறை இது, டயரின் தோற்றமும் கார் டயர் போலத்தான். சாதாரண பைக் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டத்தின் ஒரு துண்டு போல வளைந்திருக்கும். வளைவில் வண்டி சாயும்போது டயரின் தோள்வரை உருண்டுபோய்த் தரையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். ஸ்பைடர் சாய்வதில்லை. அதனால் அதன் டயரின் மேற்பரப்பு தட்டையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். யமஹா 2018-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிக்கனும் மூன்று சக்கர வண்டிதான். ஆனால் அது சாயும். ஆகவே அதில் வளைந்த பைக் டயர். சாயும் மூன்று சக்கரம், சாயாத மூன்று சக்கரம் இரண்டையும் டயர் விஷயத்தில் ஒன்றாகப் பேச முடியாது.

இனி, டயர் ஏன் தேய்கிறது என்பது. உருளும் சக்கரம் தரையில் வழுக்குவதில்லை என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். கடினமான சக்கரத்துக்கு அது ஏறக்குறையச் சரி, ரப்பருக்குச் சரியல்ல. பின்டயரின் மேல் 300 கிலோ எடை விழுவதாகவும், உள்ளே 28 பிஎஸ்ஐ காற்று இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், எடையை அழுத்தத்தால் வகுக்க, தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர் என்று வரும். அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. அந்தச் சிறு பரப்புக்குள் நுழையும் ரப்பர் கட்டைகளை என்ஜின் பின்னோக்கித் தள்ளுகிறது. கட்டைகள் வளைகின்றன, பரப்பின் பின்பகுதிக்கு வந்து, மேலிருக்கும் பாரம் குறையும் நொடியில், வளைவு விடுபட்டு நுனி தரையில் இழுபடுகிறது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி நகரும் தூரத்தைவிட ஒரு துளி அதிகமாகச் சுற்றிவிடுகிறது. பொறியாளர்கள் இதைச் சறுக்கு விகிதம் என்பார்கள். சீரான வேகத்தில் அது அரை விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், 1,000 கிலோமீட்டர் பயணத்தில் அந்த டயர் 5 கிலோமீட்டர் தூரம் தார்ச்சாலையில் உரசியபடி இழுபட்டிருக்கிறது என்று பொருள். முன்டயர்களுக்கு இந்த இழுவை வேலை கிடையாது. அவை தள்ளிக்கொண்டு போகப்படுபவை.

உரசலில் ரப்பர் எப்படிக் கழிகிறது என்பதை 1950-களில் இங்கிலாந்தில் அடால்ஃப் ஷல்லமாக் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒரே திசையில் உரசப்படும் ரப்பரின் மேல், அந்தத் திசைக்குக் குறுக்காக நுண்ணிய வரப்புகள் எழுகின்றன. ஒவ்வொரு வரப்பின் நாக்கும் சாலையின் கரடில் மாட்டி இழுபட்டு, அடியில் விரிசல் வளர்ந்து, கடைசியில் துணுக்காகப் பிய்கிறது. தேய்ந்த பின்டயரின் நடுப்பகுதியில் கையை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் படும். கண்ணுக்குத் தெரியாத அளவில் நடப்பது விரலுக்குத் தெரியும் இடம் அது.

இந்தத் தேய்மானத்தை ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 225/50 ஆர்15 டயரின் விட்டம் 606 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 525 சுற்று. ஒரு டயர் 16,000 கிலோமீட்டரில் 6 மில்லிமீட்டர் தேய்கிறது என்று கொண்டால், அதற்குள் 84 லட்சம் முறை சுற்றியிருக்கும். ஒரு சுற்றுக்குச் சராசரியாகக் கழிந்தது 0.7 நானோமீட்டர். சில அணுக்களை அடுக்கிவைத்த கனம். உண்மையில் ரப்பர் அணு அணுவாகப் போவதில்லை, துணுக்குகளாகத்தான் போகிறது. ஆனாலும் சராசரி அவ்வளவுதான். அப்படிப் போகும் துணுக்குகள் சாலையோரத்தில் தங்கி மழையில் ஓடைக்குப் போகின்றன. டயர் ரப்பர் ஓசோனால் வெடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள், காற்றில் மாற்றமடைந்து அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் கண்டறிந்தார்கள். அது தனியே பேச வேண்டிய பெரிய விஷயம்.

தேய்மான வேகத்தைத் தீர்மானிப்பது விசையும் சறுக்கும் சேர்ந்த பெருக்கம். சிறிய அளவுகளில் சறுக்கு விசைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஒரு கிலோமீட்டருக்கான தேய்மானம் ஏறக்குறைய விசையின் வர்க்கத்தோடு கூடுகிறது. பின்டயரின் முழுக் கதையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஒரே இழுவையை இரண்டு டயர்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி விசை. இழுவையால் வரும் தேய்மானமோ கால்வாசி. எல்லாம் ஒன்றின் தலையில் விழுந்தால் நான்கு மடங்கு. நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்றாலும் திசை இதுதான்.

வேகத்தின் பங்கும் இதிலிருந்தே வருகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும் வண்டிக்கு இழுவை எதற்கு என்று கேட்கலாம். காற்றைப் பிளக்க. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120-க்குப் போனால் தடை 1.44 மடங்கு, காற்றை வெல்லும் வேலையால் மட்டும் வரும் தேய்மானம் அதன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகன்ற முன்புறமும் உயரமான கண்ணாடியும் கொண்ட டூரிங் வண்டி மெலிந்த பைக்கைவிட அதிகக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேக வரம்பு அதிகமான நேர்ச்சாலைகளில் ஓடிய டயரும், மரநிழல் சாலைகளில் மெதுவாக ஓடிய டயரும் ஒரே ஆயுளைத் தராததற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் சாலையின் மேற்பரப்பு. தாரின் மேல் கூர்ஜல்லியைத் தூவி அழுத்திய சாலைகள் அந்தப் பகுதிகளில் மிகுதி. அவை ரப்பரை அரம் போட்டதுபோல் தின்னும். பின்னிருக்கையில் ஆள், பின்னால் சிறு டிரெய்லர் என்று சுமை கூடக் கூட இழுவையும் கூடும்.

பிரேக்கின் பங்கு நினைப்பதைவிடக் குறைவு. ஸ்பைடரில் கைப்பிடி பிரேக் கிடையாது. ஒரே கால்மிதி மூன்று சக்கரத்தையும் பிடிக்கிறது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்டயர்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு என்ஜினின் தடையிலேயே வேகம் குறைப்பது மட்டும் வேறு விஷயம். அந்தத் தடை முழுவதும் பின்டயர் வழியாகத்தான் வருகிறது. மலையிறக்கத்தில் கியரைக் குறைத்துக்குறைத்து இறங்குபவர் பிரேக் பேடை மிச்சப்படுத்திப் பின்டயரைச் செலவிடுகிறார். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறாமலிருக்க அது தேவைதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. மென்மையாக ஓட்டுபவருக்கும் பச்சை விளக்கு விழுந்ததும் பாய்பவருக்கும் இடையே இரண்டு மடங்கு வேறுபாடு வருவது சாதாரணம். 15,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பின்டயர் மாற்றுவது பரவலான அனுபவம். காரில் ஒரு டயர் 50,000 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். பெரிய டூரிங் பைக்கின் பின்டயரோடு ஒப்பிட்டால் அவ்வளவு மோசமில்லை.

டயர் எவ்வளவு தேய்கிறது என்பதைப் போலவே எங்கே தேய்கிறது என்பதும் முக்கியம். ஸ்பைடரின் பின்டயர் பெரும்பாலும் நடுவில்தான் தேயும். இரண்டு ஓரத்திலும் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், நன்றாக இருக்கும், நடுவில் மட்டும் மொட்டையாகியிருக்கும். காரணம் காற்றழுத்தம், எடை இரண்டுக்கும் உள்ள உறவு. இந்த அளவில் கிடைக்கும் கார் டயர்களின் சுமை எண் பெரும்பாலும் 91. உரிய அழுத்தத்தில் 615 கிலோவைத் தாங்கும் என்று அதற்குப் பொருள். ஸ்பைடரில் அதன் மேல் ஏறுவது சுமார் பாதிதான். பாதிச் சுமைக்கு முழுக் காற்று அடித்தால் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொண்டு அது மட்டுமே தரையை அழுத்தும். அதனால்தான் ஆர்டிக்கான கையேடு பின்டயருக்கு 28 பிஎஸ்ஐ, கூட்டல் கழித்தல் 2, என்று காரைவிடக் குறைந்த எண்ணைச் சொல்கிறது. பஞ்சர் கடையில் கார்ப் பழக்கத்தில் 35 அடித்துவிட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே நடுவில் கோடு விழும்.

டயர் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி போதும். டயரின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, சாக்பீஸால் தடித்த கோடு ஒன்றை இழுத்துவிட்டு, சமமான தரையில் வண்டியை நேராக மெதுவாகச் சிறிது தூரம் உருட்ட வேண்டும். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முழுக்கச் சீராக அழிந்தால் சரி. ஆளும் சாமானும் வழக்கமாக இருப்பதுபோல ஏற்றிவைத்துப் பார்க்காவிட்டால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. அழுத்தத்தை அளப்பது எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். வெளி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் இந்த அளவு அழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். பாலைவனத்தின் உச்சி வெயிலில் சரிபார்த்துவிட்டு மறுநாள் காலை மலைக்குளிரில் ஏறுபவருக்கு, டயரில் ஓட்டை இல்லாமலே காற்று குறைந்திருக்கும்.

தேய்மானத்தின் வடிவம் வேறு கோளாறுகளையும் காட்டிக்கொடுக்கும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் பின் ஆக்சில் வண்டியின் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லை, சக்கரம் கொஞ்சம் திரும்பியபடியே ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். சுற்றிலும் மேடுபள்ளமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்தால் பேலன்சிங் தவறியிருக்கலாம், அல்லது ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் தட்டையான திட்டு இருந்தால் அந்தச் சக்கரம் எங்கோ பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது. புது டயர் போடுவதற்கு முன் பழைய டயரைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் செலவிடுவது வீண்போகாது. காரணத்தைச் சரிசெய்யாமல் மாற்றினால் புது டயரும் அதே மாதிரி தேயும்.

எப்போது மாற்றுவது? பட்டன் இடுக்குகளின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மான அடையாளம் அவைதான். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் வேலை முடிந்தது. அமெரிக்க விதிப்படி கார் டயரில் அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரத்திலும், மோட்டார் சைக்கிள் டயரில் 0.8 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கும். அமெரிக்காவில் ஒரு சென்ட் நாணயத்தை லிங்கனின் தலை கீழாக இடுக்கில் செருகிப் பார்ப்பார்கள். தலை முழுவதும் தெரிந்தால் 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டது என்று கணக்கு. நாணயத்தை எங்கே செருகுகிறார்கள் என்பதில்தான் தவறு நடக்கும். ஓரத்து இடுக்கில் செருகினால் டயர் நன்றாக இருப்பதுபோல் தெரியும். நடு இடுக்கில்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் 1.6 மில்லிமீட்டர்வரை விட்டுவைத்தாலும் இந்த வண்டியில் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. மழைதான் காரணம். பட்டன் இடுக்குகளின் முதன்மை வேலை நீரை வெளியேற்றுவது. இடுக்கு கொள்ளும் அளவைத் தாண்டி நீர் சேர்ந்தால், டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் 1960-களின் தொடக்கத்தில் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்து இதற்கு ஓர் எளிய சூத்திரம் கண்டார். மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மணிக்குக் கிலோமீட்டரில் சொன்னால் பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்க வேண்டும். 28 பிஎஸ்ஐக்கு விடை ஏறத்தாழ 88. விமான டயருக்கான சூத்திரத்தை அகலத் தட்டை டயருக்கு அப்படியே பொருத்த முடியாது; நீரின் ஆழமும் பட்டனின் ஆழமும் விடையை மாற்றும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்துக்கு உள்ளேயே இந்த எல்லை இருக்கிறது என்பதைக் காட்ட இது போதும். நடுவில் தேய்வதைக் குறைக்க 24 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே சூத்திரம் 82 என்கிறது. தேய்மானத்தில் கிடைப்பதை மழையில் இழக்கிறோம். கையேடு சொல்லும் எண்ணை விட்டு விலகுபவர்கள் இந்தப் பேரத்தைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

மூன்று தடங்களில் ஓடும் வண்டி என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. காரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் நீரை விலக்கிய தடத்திலேயே போகின்றன. ஸ்பைடரின் பின்சக்கரத்துக்கு அந்த உதவி இல்லை. அது பாதையின் நடுவே, யாரும் மிதிக்காத நீரிலும், வண்டிகள் சொட்டிய எண்ணெய் படிந்த பட்டையிலும் தனியாகப் போகிறது. முன்சக்கரங்களுக்கு இடையே தப்பிய ஆணியும் நேராக அதற்குத்தான் வரும். பின்சக்கரம் பிடியை விட்டால் வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். ஸ்பைடரில் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. வால் வீசத் தொடங்கினால் அது என்ஜினின் விசையைக் குறைத்து, வெளிப்பக்க முன்சக்கரத்தைத் தனியாகப் பிடித்து வண்டியை நேராக்க முயலும். ஆனால் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் மொட்டை டயருக்குப் பிடிப்பைத் தர முடியாது. இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்க மட்டுமே அதனால் முடியும்.

நீண்ட பயணம் கிளம்புபவருக்கு வேறொரு கணக்கும் உண்டு. இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. மேலே எடுத்துக்கொண்ட தேய்மான வேகத்தில், நடுவில் 3 மில்லிமீட்டர் மிச்சமுள்ள டயர் 1.6-க்கு வர ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் ஆகும். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒருவழித் தூரமே 4,500 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வழியில், நெவாடாவில் எங்கோ ஒரு சிற்றூரில், கடைக்காரர் டயருக்கு ஆர்டர் போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்வதைவிட, கொஞ்சம் ரப்பர் மிச்சமிருக்கும்போதே வீட்டில் மாற்றிவிட்டுக் கிளம்புவது மலிவு. டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1823 என்றால் 2023-இன் 18-ஆம் வாரம். கொட்டகையில் நின்றபடியே ரப்பர் இறுகி வெடிக்கும், ஓட்டாததால் டயர் புதிதாக இருந்துவிடுவதில்லை.

எந்த டயர் என்பதில்தான் உரிமையாளர்களுக்குள் தீராத விவாதம். ஆலையிலிருந்து வரும்போது பல வண்டிகளில் தைவானின் கெண்டா டயர் இருக்கும். பிஆர்பி அதையே மறுபடி போடச் சொல்கிறது. ரிம் கார் அளவு என்பதால் அதே அளவில் வேறு கம்பெனிகளின் கார் டயரைப் போட்டு அதிகத் தூரம் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஹோண்டா கோல்ட் விங் போன்ற சாயும் பைக்குகளிலும் சிலர் பின்னால் கார் டயர் மாட்டுவதுண்டு. அமெரிக்கப் பைக்கர் பேச்சில் அதற்கு டார்க் சைட் என்று பெயர். அங்கே சாயும் வண்டிக்குத் தட்டை டயர் என்ற அடிப்படை முரண் இருக்கிறது. ஸ்பைடரில் அந்த முரண் இல்லை. இங்கே எழும் கேள்விகள் வேறு.

முதலாவது விட்டம். நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்று சக்கரங்களின் வேகத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எது வழுக்குகிறது என்று முடிவு செய்கிறது. பின்டயரின் விட்டம் மாறினால் அந்த ஒப்பீடு நிரந்தரமாகப் பிசகும். 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரின் விட்டம் 606-லிருந்து 594 ஆகிறது, 2 விழுக்காடு. இவ்வளவு வேறுபாட்டை அமைப்பு பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த டயரோடு வண்டி ஓடவே முடியாது. 205/55 ஆர்15 அளவு கிட்டத்தட்ட அதே விட்டம், அகலம் மட்டும் 20 மில்லிமீட்டர் குறைவு. 215/60 ஆர்15 போட்டால் விட்டம் 639 ஆகி 5 விழுக்காட்டுக்கு மேல் பெரிதாகிவிடும். அது பொருந்துவதாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இரண்டாவது, கெட்டித்தன்மை. ஸ்பைடரில் ஏறுவதைப்போல் இரண்டு மடங்கு எடையைத் தாங்கச் செய்த கார் டயரின் பக்கச்சுவர் இந்த வண்டிக்கு விறைப்பாக இருக்கும். சுவரே பாரத்தின் ஒரு பங்கைத் தாங்குவதால், நடுப்பகுதி புடைக்காமலிருக்கக் காற்றை 28-க்கும் கீழே வைக்க வேண்டி வரும். சாக்பீஸ் சோதனை உண்மையில் பயன்படுவது இங்கேதான். மூன்றாவது, ஆயுள் எண். அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களில் டிரெட்வேர் என்று 200, 400, 600 போன்ற எண் பதிந்திருக்கும். டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி 640 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச்சாலைத் தடத்தில் மொத்தம் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒப்பீட்டு டயர் ஒன்றோடு தேய்மானத்தை வைத்துப் பார்த்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 400 என்றால் 200-ஐவிட இரண்டு மடங்கு ஓட வேண்டும். கார்ச் சுமையில், காரில் நடந்த சோதனை அது. ஒற்றை இழுவைச் சக்கரத்துக்கு அந்த விகிதம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதிக எண் வாங்கிய ரப்பர் பெரும்பாலும் இறுகலான ரப்பர். குளிரிலும் ஈரத்திலும் பிடிப்பு குறையலாம். தேய்மானம், ஈரப்பிடிப்பு, உருளும் தடை மூன்றையும் ஒருசேர மேம்படுத்துவது டயர் வேதியியலின் பழைய சிக்கல். மிஷெலின் நிறுவனம் 1992-ல் கார்பன் கரியின் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்து அதைக் கொஞ்சம் தளர்த்தியது, தீர்த்துவிடவில்லை.

மாற்றும் வேலை காரைவிடக் கடினம். காரில் நான்கைந்து நட்டைக் கழற்றினால் சக்கரம் கையில் வரும். ஸ்பைடரின் முன்சக்கரங்களும் அப்படித்தான். பின்சக்கரம் சுவிங் ஆர்மின் இரண்டு கைகளுக்கு நடுவே ஆக்சிலில் கோத்திருக்கிறது. ஒரு பக்கம் பல்சக்கரத்தில் இழுவை பெல்ட், டிஸ்க்கைப் பிடித்தபடி பிரேக் காலிபர். வண்டியின் பின்புறத்தை உறுதியாகத் தூக்கி நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டர் திருகுகளையும் சம அளவில் இளக்கிச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் பெல்ட் தொய்யும். அதைப் பல்சக்கரத்திலிருந்து வழுக்கி எடுத்த பிறகே ஆக்சிலை உருவலாம். அட்ஜஸ்டரை எத்தனை சுற்று இளக்கினோம் என்று குறித்துவைப்பது திரும்பப் பூட்டும்போது பாதி வேலையை மிச்சப்படுத்தும். கழற்றிய சக்கரத்தை எந்தக் கார் டயர் கடைக்கும் கொண்டுபோகலாம். பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்து, புதிய வால்வு போட்டு, சுழலும் திசை அம்பு இருந்தால் அது முன்னோக்கி இருக்கும்படி டயரை ஏற்றி, பேலன்சிங் எடை ஒட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. பல்சக்கரத்துக்கும் ரிம்மின் மையத்துக்கும் இடையே உள்ள ரப்பர் மெத்தைகளையும் பேரிங்குகளையும் பார்த்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பூட்டும்போது பொறுமை வேண்டும். பெல்ட் கார்பன் இழை போட்டுப் பலப்படுத்தியது. நீளாது, ஆனால் கோணலைப் பொறுக்காது. சக்கரத்தைக் காற்றில் தொங்கவிட்டு முன்னோக்கிச் சுற்றினால் பெல்ட் பல்சக்கரத்தின் விளிம்பை நோக்கி நகரும். விளிம்பை அழுத்தி உரசாமல், ஒட்டினாற்போல் நிற்கும்வரை ஒரு பக்கத்து அட்ஜஸ்டரை மட்டும் கால் சுற்று, அதிலும் பாதி என்று திருப்ப வேண்டும். பிறகு தொய்வைக் கருவியால் அளந்து, டார்க் ரெஞ்சால் ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, இறுக்கியதும் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். நட்டை இறுக்கும்போதே சீரமைப்பு நகர்ந்துவிடுவதுண்டு. இந்தத் தொல்லையால்தான் பலரும் விற்பனையாளரின் பட்டறையிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். பிஆர்பியே 2018-ல் அறிமுகப்படுத்திய ரைக்கர் என்ற சிறிய வண்டியில் பெல்ட்டை விட்டுவிட்டு ஷாஃப்ட் இழுவையும் ஒற்றைக்கை சுவிங் ஆர்மும் வைத்தது. அதில் பின்சக்கரத்தைக் கழற்றுவது அநேகமாகக் காரில் போலத்தான்.

ஹார்லி-டேவிட்சன் 2009 மாடலாகக் கொண்டுவந்த ட்ரை கிளைடு ஸ்பைடருக்கு நேர்மாறான அமைப்பு: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, நடுவே டிஃபரன்ஷியல். நம்மூர் ஆட்டோவின் அமைப்பும் அதுவே. அங்கே இழுவை இரண்டு டயர்களுக்குப் பிரிந்துபோவதால் பின்டயர்கள் நிதானமாகத் தேய்கின்றன. திருப்பும் வேலை முழுவதும் ஒரே முன்டயரில் விழுவதால் அதன் தோள்கள் அடிபடுகின்றன. சாயாத வண்டியில் வளைந்த பைக் டயரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது அதற்கு உகந்ததல்ல.

புது டயரோடு முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். தயாரிப்பு அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய வழுவழுப்பு மேலே கொஞ்சம் இருக்கும். முழு உயரமுள்ள பட்டன்கள் தேய்ந்தவற்றைவிட அதிகம் வளைவதால் வண்டியின் வால் லேசாக நெளிவதுபோலவும் படும். பட்டன் ஆழம் குறையக் குறைய அந்த நெளிவும் குறையும். முதல் பயணம் முடிந்து டயர் ஆறியதும் காற்றை மறுபடி அளந்து, பெல்ட் ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முன்டயர்களைக் கூடவே மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. அவை இரண்டும் தங்களுக்குள் ஒரே அளவு தேய்ந்திருந்தால் போதும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் முன் அலைன்மென்ட்டைச் சரிபார்க்க வேண்டும், மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.